கண்ணுக்குள் ஒரு காவல்படை



கண் சிவந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது? கண்ணாடி முன் நின்று இமையை இழுத்துப் பார்ப்போம். "தூசி விழுந்திருக்கும், ஊதிவிடு" என்போம். பாட்டி இருந்தால் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொல்வார். நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொல்வார். அதற்கும் அடங்கவில்லை என்றால், போன வருடம் வீட்டில் வேறு யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்துப் புட்டியைத் தேடி எடுத்து விட்டுக்கொள்வோம். மருத்துவரைப் பார்ப்பது கடைசிக் காரியம்.

அந்தக் கடைசிக் காரியம் முதல் காரியமாக இருந்திருந்தால் எத்தனையோ பேரின் பார்வை தப்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே இருக்கும் எதிரி மட்டும் வேறு வேறு. ஒருவருக்கு ஒவ்வாமை, இன்னொருவருக்குப் பாக்டீரியா, மற்றொருவருக்குக் காளான். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகலாம்.

அப்படியானால் உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள், கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? முடியும் என்கிறது இன்றைய மருத்துவம். கண்ணைக் காக்கும் உயிரணுக்களைப் படம் பிடிக்கும் அந்தக் கலையைப் பற்றியும், அது நமக்குச் சொல்லும் பாடத்தைப் பற்றியும் இவ்வாரம் பார்ப்போம்.

*இரத்தம் ஓடாத சன்னல்*

கண்ணின் முன்புறம், கறுப்பாகத் தெரியும் பகுதியின் மேல், கைக்கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதைக் கார்னியா என்பார்கள். தமிழில் விழிவெண்படலம் என்றும் கருவிழி என்றும் வழங்குகிறது. குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர் வரை. தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். இந்த மெல்லிய சன்னல் வழியாகத்தான் உலகம் முழுவதும் நம் கண்ணுக்குள் வருகிறது.

சன்னல் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் இயற்கை இங்கே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களைப் போல இங்கே இரத்தக் குழாய் கிடையாது. கருவிழிக்குத் தேவையான உயிர்வாயு பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கிடைக்கிறது. சத்து, உள்ளே இருக்கும் விழிநீரிலிருந்து கிடைக்கிறது. ஆனால் நரம்புகள் ஏராளம். உடம்பிலேயே மிக நெருக்கமாக நரம்பு பின்னிய இடங்களில் இது ஒன்று. ஒரு சிறு மணல் விழுந்தாலும் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

இரத்தக் குழாய் இல்லாதது தெளிவுக்கு நல்லது. காவலுக்கு? நம் உடம்பில் கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் ஏறித்தான் அந்த இடத்துக்கு ஓடுகின்றன. சாலையே இல்லாத ஊருக்குப் போலீஸ் வண்டி எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் விஞ்ஞானிகள் பல காலம் அலைந்தார்கள்.

*கிளை விரித்த காவலர்கள்*

1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், மனிதத் தோலைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மரம் போலக் கிளை விரித்த உயிரணுக்கள் தென்பட்டன. அவருக்கு அப்போது வயது 21. அவற்றை நரம்பு அணுக்கள் என்றே அவர் நினைத்தார். அவை காவலர்கள் என்பது தெரிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1973இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டெயின்மனும் சான்வில் கோனும் அதே சாயலில் கிளை விரித்த ஓர் உயிரணுவைக் கண்டறிந்து, அதற்கு டென்ட்ரிடிக் உயிரணு என்று பெயர் வைத்தார்கள். நாம் கிளையணு என்று சொல்லிக்கொள்வோம். இதன் வேலை என்ன? கிருமியைப் பிடித்து, அதன் ஒரு துண்டைத் தன் மேல் ஏந்திக்கொண்டு, நிணநீர்க் கணுவுக்குப் போய், "இதோ எதிரியின் அடையாளம்" என்று டி உயிரணுக்களிடம் காட்டுவது. நம் பேட்டைகளில் ருக்குன் தெத்தாங்கா சுற்றி வந்து, சந்தேகப்படும் ஆளைப் பார்த்தால் போலீசுக்குத் தகவல் சொல்கிறதே, அதே வேலைதான். இந்தக் கண்டுபிடிப்புக்காக ஸ்டெயின்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார்.

கருவிழியிலும் இந்தக் கிளையணுக்கள் உண்டு. ஆனால் அவை ஓரத்தில், வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் வட்டத்தில்தான் இருக்கும், நடுவில் இருக்காது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. நடுவிலும் குறைந்த எண்ணிக்கையில், கிளை அதிகம் விரிக்காமல் அவை இருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின. சாலை இல்லாத ஊரில் உள்ளூர்க் காவலரையே குடியமர்த்தி வைத்திருக்கிறது இயற்கை.

*உயிருள்ள கண்ணுக்குள் நுண்ணோக்கி*

இதை எல்லாம் எப்படிப் பார்த்தார்கள்? முன்பெல்லாம் இறந்தவரின் கண்ணை வெட்டி, சாயம் ஏற்றித்தான் பார்க்க முடிந்தது. வெட்டிய கண்ணில் போர் நடக்காது. போர் முடிந்த களத்தைத்தான் பார்க்கலாம்.

இந்த நிலையை மாற்றியது கன்ஃபோகல் நுண்ணோக்கி என்ற கருவி. இதன் அடிப்படைக் கருத்துக்கு 1957இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் மார்வின் மின்ஸ்கி. பிற்காலத்தில் செயற்கை அறிவு ஆய்வின் முன்னோடியாகப் புகழ் பெற்ற அதே மின்ஸ்கிதான். கருத்து எளிமையானது. சாதாரண நுண்ணோக்கியில் மேலடுக்கின் ஒளியும் கீழடுக்கின் ஒளியும் கலந்து படம் மங்கும். மின்ஸ்கி ஒளியின் பாதையில் ஓர் ஊசித்துளையை வைத்தார். குறிப்பிட்ட ஓர் அடுக்கிலிருந்து வரும் ஒளி மட்டும் அந்தத் துளை வழியாக வரும். மற்றவை தடுக்கப்படும். லாப்பிஸ் பலகாரத்தை வெட்டாமலே நடுவில் உள்ள ஒரே ஓர் அடுக்கை மட்டும் பார்ப்பது போன்றது இது.

இந்தக் கருத்து கண்ணுக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் உருவான கருவிழிப் பார்வைக் கருவி, இன்று உலகின் பல கண் மருத்துவமனைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் பயன்படுகிறது. சோதனை எப்படி நடக்கும் என்று பயப்பட வேண்டாம். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். கருவியின் முனையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மூடி இருக்கும். அதற்கும் கண்ணுக்கும் இடையே பசை போன்ற ஜெல் இருக்கும். முனை கருவிழியை மெல்லத் தொடும். 670 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு லேசர் ஒளி உள்ளே போய் வரும். ஒரு படத்தில் தெரிவது 0.4 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட சிறு சதுரம் மட்டுமே. ஆனால் அந்தச் சதுரத்துக்குள் ஒவ்வோர் உயிரணுவும் தனித்தனியாகத் தெரியும். சாயம் தேவையில்லை. கறுப்புப் பின்னணியில் நரம்புகள் வெள்ளைக் கோடுகளாகவும், கிளையணுக்கள் கைகால் முளைத்த வெள்ளைப் பொட்டுகளாகவும் தோன்றும்.

*அமைதிக் காலமும் போர்க் காலமும்*

ரோஸ்டாக் ஆய்வாளர்கள் 2005இல் ஆரோக்கியமான கண்களில் இவற்றை எண்ணிப் பார்த்தார்கள். கருவிழியின் நடுவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 34. ஓரத்தில் 98. எல்லையில் காவல் அதிகம், ஊர் நடுவில் குறைவு. ஒரு நாட்டின் தற்காப்பு அமைப்பு போலவே இருக்கிறது அல்லவா?

அமைதிக் காலத்தில் நடுவில் உள்ள கிளையணுக்கள் சிறியவை. கைகளை மடக்கி வைத்துக்கொண்டிருக்கும். அழற்சி தொடங்கியதும் காட்சி மாறுகிறது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அவை நகர்கின்றன. எண்ணிக்கை கூடுகிறது. உடல் பெருக்கிறது, கைகள் நீள்கின்றன, ஒன்றின் கை மற்றொன்றின் கையைத் தொட்டு வலை போலப் பின்னிக்கொள்கிறது. தொற்று கடுமையானால் மற்ற வெள்ளை அணுக்களும் கூட்டமாக வந்து சேர்கின்றன.

இங்கேதான் சோகமான ஒரு திருப்பம் இருக்கிறது. கிருமியைக் கொல்ல வந்த படை, தன் ஆயுதங்களால் கருவிழியின் தெளிவான நார்களையும் அழித்துவிடுகிறது. ஓரத்திலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் படர்ந்து வருகின்றன. போர் ஓய்ந்த பிறகு அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு மிஞ்சுகிறது. "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கிருமி செய்த சேதம் பாதி என்றால், காவல்படையின் கோபம் செய்த சேதம் மீதி.

எனவே மருத்துவருக்கு இரண்டு வேலை. கிருமியைக் கொல்ல வேண்டும். படையின் கோபத்தையும் தக்க நேரத்தில் தணிக்க வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து கோபத்தைத் தணிக்கும். ஆனால் எதிரி காளானாக இருந்து, அது சாகும் முன்பே ஸ்டீராய்டு விட்டால், காவலரைக் கட்டிப்போட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதையாகிவிடும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கக்கூடாது என்று விதி இருப்பது வீண் கெடுபிடி அல்ல. வீட்டில் கிடக்கும் பழைய புட்டியில் இருப்பதும் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

*நிழற்படம் திரைப்படமானது*

படத்தில் தெரியும் வெள்ளைப் பொட்டு எல்லாம் கிளையணுதானா? இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருந்துகொண்டே இருந்தது. கருவி உருவத்தைக் காட்டும். பெயர்ப்பலகையைக் காட்டாது.

2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா டவுனி, ஹோலி சின்னரி, ஸ்காட் முல்லர் ஆகியோரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி ஓட்டினார்கள். நிழற்படம் திரைப்படமாயிற்று. உயிருள்ள மனிதரின் கண்ணில் காவலர்கள் நடமாடுவது தெரிந்தது.

பார்த்தால், நீண்ட கைகள் உள்ளவை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று, கைகளை நீட்டியும் மடக்கியும் அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. கைகள் இல்லாத சிறு பொட்டுகள் அங்குமிங்கும் சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன. இதுவரை "இளம் கிளையணு" என்று எண்ணி வந்த அந்தச் சிறு பொட்டுகளில் பல, உண்மையில் டி உயிரணுக்கள் என்ற முடிவுக்கு அக்குழு வந்தது. அதாவது, ஆரோக்கியமான கருவிழியின் நடுவிலேயே டி உயிரணுக்கள் ரோந்து சுற்றுகின்றன. கான்டாக்ட் லென்ஸ் அணிவோரிடமும் ஒவ்வாமை உள்ளவர்களிடமும் இவற்றின் நடமாட்டம் மாறுவதையும் அவர்கள் கண்டார்கள்.

இதனால் சாதாரண மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை இன்று நோயாளியின் வாய்மொழியையும் கண்ணின் சிவப்பையும் வைத்துத்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். காவலர்களின் நடமாட்டத்தையே நேராகப் பார்க்க முடிந்தால், மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை ஊகம் இல்லாமல் முடிவு செய்யும் காலம் வரும்.

*மதுரையில் 239 பேர்*

எதிர்காலப் பேச்சு இருக்கட்டும். இன்றைக்கே இந்தக் கருவி கண்களைக் காப்பாற்றுகிறதா? அதற்குச் சான்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். கருவிழிப் புண் அந்த வட்டாரத்தில் பெரிய சாபம். வயலில் நெல் உமியும் சோளத்தட்டையும் கண்ணைக் கீறும். கீறலில் காளான் குடியேறும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதே வேளையில் தென்னிந்தியப் புண்களில் கிட்டத்தட்ட பாதி காளானால் வருபவை.

காளானா, பாக்டீரியாவா என்று அறிய, புண்ணைச் சுரண்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பதே பழைய முறை. காளான் வளர நாட்கள் ஆகும். சிலவேளை ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் புண் ஆழமாகிவிடும். கன்ஃபோகல் கருவியில் காளான் கிளைவிட்ட வெள்ளை இழைகளாகச் சில நிமிடங்களில் தெரியும். அகந்தமீபா என்ற நீர்வாழ் நுண்ணுயிர் பளிச்சென்ற வட்டப் பொட்டுகளாகத் தெரியும். பாக்டீரியா மட்டும் மிகச் சிறியது, இந்தக் கருவியின் பார்வைக்கு எட்டாது.

கடுமையான புண்ணோடு அரவிந்துக்கு வந்த 239 நோயாளிகளை இந்தக் கருவியால் சோதித்து, டாக்டர் ஜெயா சிதம்பரம், டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா ஆகியோர் அடங்கிய குழு 2016இல் முடிவை வெளியிட்டது. காளான் புண் உள்ள 100 பேரில் சுமார் 86 பேரைக் கருவி சரியாகக் கண்டுபிடித்தது. காளான் இல்லாத 100 பேரில் சுமார் 81 பேரை "இது காளான் அல்ல" என்று சரியாக ஒதுக்கியது. அகந்தமீபாவில் கணக்கு இன்னும் நல்லது. நோய் உள்ள 100 பேரில் 88 பேரைப் பிடித்தது, இல்லாத 100 பேரில் 98 பேரை ஒதுக்கியது.

நூற்றுக்கு நூறு இல்லைதான். படத்தைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். காளான் இழைக்கும் நரம்புக்கும் வேறுபாடு தெரியாதவர் ஏமாந்து போவார். கருவி விலை உயர்ந்தது, எல்லா இடத்திலும் கிடைக்காது. சுரண்டி வளர்க்கும் பழைய சோதனையைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. ஆனால் பரிசோதனை முடிவு வரும்வரை இருட்டில் மருந்து கொடுப்பதற்கும், ஒரு விளக்கோடு கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கிறதே.

நம் நாட்டில் நெல் வயலுக்குப் பதில் செம்பனைத் தோட்டம். குலை வெட்டும்போது நிமிர்ந்து பார்க்கும் கண்ணில் தூளும் துரும்பும் விழும். புல்வெட்டும் இயந்திரம் கல்லையும் குச்சியையும் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி சில வெள்ளிக் காசுதான். போன கண்ணுக்கு விலை இல்லை.

*2006ஆம் ஆண்டு தந்த பாடம்*

தோட்டத்தில் வேலை செய்யாத நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு வடிவில் வந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் ஃபுசேரியம் என்ற காளானால் கருவிழி பாதிக்கப்பட்டவர்கள் திடீரென அதிகரித்தார்கள். 2005 மார்ச் முதல் 2006 மே வரை 66 நோயாளிகள், 68 கண்கள். ஒருவரைத் தவிர அனைவரும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரெனு வகை லென்ஸ் திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அமெரிக்காவில் 164 பேருக்கு இந்நோய் உறுதியானது. அவர்களில் மூவரில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. போஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் ரெனு மாய்ஸ்சர்லாக் திரவத்தை 2006 மே மாதம் உலகச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொண்டது.

நேற்று ஊற்றிய திரவத்தைக் கொட்டாமல், அதன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் ஆபத்தைக் கூட்டியது என்று விசாரணையில் தெரிந்தது. சிக்கனம் என்று நினைத்தது கண்ணுக்கு உலையாயிற்று.

ரோஸ்டாக் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. எந்த நோயும் இல்லாமல் லென்ஸ் அணிபவர்களின் கருவிழி நடுவிலும், அணியாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காவல் அணுக்கள் கூடியிருந்தன. அதாவது, நமக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு அது ஓர் அந்நியப் பொருள் என்று தெரிந்தே இருக்கிறது. லென்ஸ் அணியவே கூடாது என்பதல்ல இதன் பொருள். படை ஏற்கெனவே விழிப்பு நிலையில் இருக்கிறது, அதன் மேல் அழுக்கையும் குழாய்த் தண்ணீரையும் சேர்க்காதீர்கள் என்பதே பொருள்.

தீபாவளி வந்தால் பச்சை, நீலம், சாம்பல் நிற லென்ஸ் மீது நம் பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கிறது. நம் நாட்டின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி, தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்கள்தான் கான்டாக்ட் லென்ஸ் வழங்கலாம். பார்வைக் குறைபாடு இல்லாமல் அழகுக்காக அணிவதும் இதில் அடங்கும். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, தோழிகள் மாற்றி மாற்றி அணிந்துகொள்வது வேடிக்கை அல்ல.

*இனிப்பு நீரும் கருவிழியும்*

நீரிழிவு நம் சமூகத்தை அரித்து வருவதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே விகிதம் இதைவிட அதிகம்.

நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அது கருவிழியின் நரம்புகளையும் தின்கிறது. கன்ஃபோகல் படத்தில் அந்த வெள்ளைக் கோடுகள் குறைந்து, அறுந்து தெரியும். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு நோயாளிகளின் கருவிழியில் நரம்பு குறைந்ததோடு காவல் அணுக்களும் அதிகரித்திருந்தன. நரம்பு மங்கினால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் புண் இருப்பதும் தெரியாது. காலில் ஆணி குத்தியது தெரியாமல் நடக்கும் நீரிழிவு நோயாளியின் கதைதான் கண்ணிலும். ஆகவே "வலிக்கவில்லை, பரவாயில்லை" என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

*பறிபோன சன்னலுக்கு மாற்று*

தழும்பு பார்வையை முற்றிலும் மறைத்துவிட்டால் மாற்றுக் கருவிழிதான் வழி. 1905இல் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். சிறுநீரகத்தையும் இதயத்தையும் மாற்ற உலகம் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கருவிழி ஏன் முந்திக்கொண்டது? இரத்தக் குழாய் இல்லை, காவலரும் குறைவு. ஆகவே அந்நியரின் கருவிழியை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பழைய புண்ணில் அழற்சி படர்ந்து, இரத்தக் குழாய் ஓடிய கண்ணில் இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே நிராகரிப்பு அதிகம். புண்ணை முதல் வாரத்திலேயே கவனிப்பது, மாற்று அறுவையின் வெற்றிக்கும் உதவும் என்பதை மறக்கக்கூடாது.

இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1964இல் முதன்முதலாகக் கருவிழிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதன் பிறகு பல நாடுகளின் கண்களில் இலங்கையரின் கருவிழிகள் ஒளி தந்திருக்கின்றன. கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இறந்த பிறகு, மண்ணுக்கோ நெருப்புக்கோ போகும் கண்ணைத் தர ஏன் தயங்க வேண்டும்? முக்கியமாக, விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இறந்த சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும், அந்த நேரத்தில் முடிவெடுக்கப் போவது அவர்கள்தான்.

*தாமதம்தான் முதல் எதிரி*

பிரிக்பீல்ட்ஸ் சாலைகளில் நடப்பவர்கள், நடைபாதையில் பதித்த மேடு தட்டிய ஓடுகளையும் வெள்ளைக் கோலோடு நடப்போரையும் தினமும் பார்க்கிறார்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. பார்வை இழந்தவர்களுக்கு வாழ வழி காட்டிய அதே சங்கம், இழக்காமல் தடுக்கவும் வேண்டும் என்று எண்ணி, பெட்டாலிங் ஜெயாவில் கண் மருத்துவமனைக்கு வித்திட்டது. அதுவே இன்றைய துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கண் மருத்துவத்துக்குக் குறைவில்லை. குறை நம் தாமதத்தில் இருக்கிறது.

எனவே நேயர்களே, சிலவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கண் சிவப்போடு வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். லென்ஸ் அணிபவர் உடனே அதைக் கழற்றி, எறியாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள். அதைச் சோதித்துக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியும். லென்ஸ் அணிந்து தூங்க வேண்டாம், குளிக்க வேண்டாம், நீந்த வேண்டாம். தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம், கண் புண்ணுக்கு மருந்தல்ல. பூச்சாறும் அப்படியே. பழைய சொட்டு மருந்துப் புட்டியை இன்றே குப்பையில் போடுங்கள். கண்ணில் கீறல் பட்டது எதனால் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செம்பனை மட்டையா, மண்ணா, லென்ஸா என்ற அந்த ஒரு தகவல், எதிரி யார் என்று மருத்துவர் ஊகிக்க உதவும்.

லேசர் ஒளியில் நாம் காணும் அந்தச் சின்னஞ்சிறு காவலர்கள் இரவு பகலாகத் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் முதல் அபாயச் சங்குதான் சிவப்பும் வலியும். சங்கு ஊதிய பிறகும் படுத்துக்கிடந்தால் குற்றம் காவலர்மேல் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழியாக மட்டும் இருக்கட்டும். நம் வீட்டுக் கதையாக வேண்டாம்.